மாட்டுப் பொங்கலுக்கு நிறுத்திய கரண்டு

மாட்டை எப்படி அடைத்து வைப்பது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், மாடே வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கல்யாணமாகி வந்த மறுநாள் விடியலில் சாணிக்கூடையைத் தலையில் ஏற்றியவள், பதினாறு வருடம் அதை இறக்கவில்லை. அந்த அசதி இன்னும் என் முதுகை விட்டுப் போகவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இது பாட்டன் காலத்துத் தொழில். ரங்கூன் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுவது. முதலில் பசுந்தாங் ஓடைப் பக்கம்தான் கொட்டகை இருந்தது. ஊருக்குள் மாடு கூடாது என்று முனிசிபாலிட்டி சொன்ன பிறகு ஆற்றைத் தாண்டி லைங் தாயாவுக்கு வந்தோம். வார்டின் கடைசியில் எங்கள் வீடும் கொட்டகையும். அதற்குப் பின்னால் யாரோ ஒரு பணக்காரர் தொழிற்சாலை கட்டுவதற்கு வாங்கி, கட்டாமலே போட்டுவைத்த பெரிய காலி மனை. புல் மண்டினால் பாம்பு சேருகிறது, உங்கள் மாட்டை விட்டு மேயுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். எங்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

அந்தப் பழத்துக்குள் புழு இருந்தது பிறகுதான் தெரிந்தது. மனையை ஒட்டி ஒரு பர்மியப் பெரியவரின் கீரைத்தோட்டம். சின்பௌங் போட்டிருந்தார், நம் புளிச்சகீரைதான். ரங்கூனில் அது இல்லாமல் ஒரு வீட்டிலும் சோறு இறங்காது. மனைக்கும் தோட்டத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு மட்டும். பதினொரு மாடுகளுக்கு அந்த வரப்பு எம்மாத்திரம்?

மூன்று தடவை போய் மேய்ந்துவிட்டன. முதல் தடவை பெரியவர் கத்தினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டாம் தடவை அவர் கத்தவில்லை, மேய்ந்த பாத்தியில் குந்தி மிச்சமிருந்த தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அது எனக்குக் கத்தியதைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் தடவை நேராக வார்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தால் முதல் தடவையே போயிருப்பேன்.

வார்டுத் தலைவர் எங்களைக் கூப்பிட்டு ஒரு காகிதம் எழுதினார். இன்னொரு முறை இவர்கள் மாடு அடுத்தவர் பயிரில் வாய் வைத்தால், பதினைந்து நாளில் எல்லா மாட்டையும் வார்டை விட்டு அகற்றவேண்டும். என் வீட்டுக்காரர் பர்மிய எழுத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். வேறு போக்கிடம் எங்களுக்கு இல்லை. அவருக்கு முட்டி பழுதாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேறு வேலையும் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், மாட்டுக்கு நடுவில் நிற்கும்போதுதான் அந்த மனுஷர் மனுஷராக இருப்பார். வீட்டுக்குள் வந்தால் யாரோ விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். மாடு போனால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் என் தம்பி மலேசியாவிலிருந்து வந்தான். அங்கே செம்பனைத் தோட்டத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறவன். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே ஒரு சாதனத்தைச் சுற்றி எடுத்து வந்தான். செங்கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவுதான் இருக்கும்.

"அக்கா, இத காரு பேட்டரில மாட்டணும். ஒரு கம்பி வேலிக்கு, ஒரு கம்பி மண்ணுக்கு. மாடு மூக்க வெச்சா சுர்ருனு ஒரு அடி. சாவாது. ஆனா ஆயுசுக்கும் மறக்காது."

"மனுசன் வெச்சா?"

"மனுசனும் மறக்கமாட்டான்" என்று சிரித்தான்.

மூங்கில் கழிகளை நட்டு, பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டி, அதன் வழியாக ஒற்றைக் கம்பியை மாட்டின் நெஞ்சு உயரத்துக்கு இழுத்தார்கள். மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கினார்கள். பேட்டரியை மாட்டியதும் பெட்டி டக், டக் என்று ஒரே சீராக அடிக்கத் தொடங்கியது. மாடுகள் ஒவ்வொன்றாக வந்து மூக்கை நீட்டின. ஒவ்வொன்றும் துள்ளி, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எல்லாவற்றுக்கும் மூத்த செவலை மட்டும் ஓடவில்லை. அடி வாங்கியதும் நாலடி பின்வாங்கி நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கு மூளை இல்லை என்கிறவன் மாட்டை மேய்த்தவனாக இருக்கமாட்டான்.

அன்று நானும்தான் சந்தோஷப்பட்டேன். இனிமேல் கம்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டாம் என்று நினைத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது ஒரு வாரத்தில் புரிந்தது.

மாடுகளைக் காக்க வேலி வந்தது. வேலியைக் காக்க நான் வந்தேன். பேட்டரி நாலு நாளைக்கு ஒரு முறை இறங்கிவிடும். வீட்டில் சார்ஜ் போடலாம் என்றால் ரங்கூன் கரண்டைப் பற்றித்தான் தெரியுமே, வருகிற நேரம் அதற்கே தெரியாது. அதனால் ஜெனரேட்டர் வைத்திருக்கும் சார்ஜ் கடைக்குச் சைக்காவில், அதாவது மூன்று சக்கர சைக்கிள் வண்டியில், ஏற்றிப் போவேன். சைக்காக்காரர் இல்லாவிட்டால் பால் கேனைச் சுமக்கிற அதே இடுப்பில் பேட்டரியையும் சுமப்பேன். அமிலம் சிந்தி, நான் இடுப்பில் கட்டுகிற தமேன் கைலிகள் எல்லாம் பொத்தல். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்டு முழுவதும் மண்ணுக்குப் போய்விடும். ஆகவே முழங்கால் தண்ணீரில் நின்று வேலி நெடுக அறுத்துக்கொண்டே போகவேண்டும். கடைசி மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலையில் திரும்ப வளர்ந்திருக்கும். கோடையில் மண் காய்ந்துபோனால் அடி உறைக்காது. இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் நாள்தோறும் இரண்டு குடம் ஊற்றவேண்டும். நான் குடிக்காத தண்ணீரை அந்தக் கம்பி குடித்தது.

போதாததற்கு, பக்கத்து லைனில் குடியிருந்த தையல் தொழிற்சாலைப் பெண்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள். நல்ல கம்பி நீளமாகக் கட்டியிருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியையெல்லாம் எடுத்து வந்து வேலியில் காயப்போட்டுவிட்டார்கள். ஈரத்துணி. அலறிய அலறலில் வார்டே கூடிவிட்டது. பிறகு நானே ஒரு பலகையில் பர்மியத்தில் எழுதி, நூறடிக்கு ஒரு சிவப்புத்துணியும் கட்டினேன். அந்தச் சிவப்புத்துணியையும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும், ஒரு நீளமான புல்லைப் பிடுங்கிக் கம்பியில் வைத்துப் பார்ப்பேன். தம்பி சொல்லிக்கொடுத்த வித்தை. விரலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி துடித்தால் கரண்டு இருக்கிறது. துடிக்காவிட்டால் அன்றைய பிழைப்பு கெட்டது. செவலைக்கு அந்தப் புல்லும் தேவைப்படவில்லை. வேலிப் பக்கம் வந்து காதைத் திருப்பி, பெட்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். இப்படியே மூன்று வருடம். மூன்று வருடத்தில் ஒரு மாடுகூடத் தோட்டத்தில் வாய் வைக்கவில்லை. கீரைக்காரப் பெரியவர் மனம் இளகி, அறுப்பு நாட்களில் ஒரு கட்டுக் கீரையை வரப்பின் மேல் வைத்துவிட்டுப் போவார். நான் ஒரு செம்பு பால் கொடுப்பேன். அவரை நான் ஊலே என்பேன், மாமா என்கிற மாதிரி. அவர் என்னைத் தமீ என்பார், மகளே என்கிற மாதிரி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, என் உடம்பைத் தவிர.

மூன்றாம் வருடத்து மாட்டுப் பொங்கல் வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. அன்று மாட்டுக்குக் கயிறு கிடையாது, கம்பு கிடையாது, அதட்டல்கூடக் கிடையாது. குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் அடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, படையல் ஊட்டி, பொழுது சாயும்வரை அவிழ்த்து விட்டுவிடவேண்டும். முந்தைய வருடங்களில் சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மாடுகளுக்குப் பின்னாலேயே நடந்து காவல் காப்பார்கள். வேலி வந்த பிறகு அந்த வழக்கம் விட்டுப்போனது. இரண்டு வருடமும் வேலிக்குள்ளேதான் விட்டோம், பெட்டியும் ஓடியது. ஆனால் முந்தின வருடம் மாலை போட்ட கன்று ஒன்று கம்பியில் பட்டுக் கதறியதை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தார். அது அவர் மனத்தில் தைத்துவிட்டது.

அன்று காலை பூசை முடிந்ததும் நேராகப் போய்ப் பேட்டரிக் கம்பியைக் கழற்றினார்.

"ஏங்க, என்னா பண்றீங்க?"

"இன்னக்கி வேணாம் புள்ள. கும்புட்ட கையால கரண்டு குடுக்கறதா?"

"கரண்டு நிப்பாட்னா செவலைக்குத் தெரிஞ்சிடும். வார்டு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது மறந்துபோச்சா?"

"ஒரு நாளுதானே. நீ பாத்துக்க. நான் டீக்கடைங்களுக்குப் பொங்கல் குடுத்துட்டு, கோயிலுக்கும் போயிட்டு நாலு மணிக்கு வந்துடுவேன்."

நீ பாத்துக்க. பதினாறு வருடமாக அந்த வீட்டில் என் பெயரே அதுதான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். முந்தின நாள் முழுக்க மாடு குளிப்பாட்டியது. அன்று இரண்டு மணிக்கே எழுந்து பால் கறந்து, ஊற்றிவிட்டு வந்து, மூன்று பானைப் பொங்கல் வைத்தது. இனி நாலு மணிவரை பதினொரு மாட்டுக்கு நான் ஒருத்தி காவல்.

மனையின் ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். தை மாத வெயில் மேலே சுட்டாலும் நிழலில் குளிர்ச்சி இருந்தது. பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. மூன்று வருடமாக என் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்த டக், டக் நின்றபோதுதான், என் உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. மரத்தில் சாய்ந்தேன்.

இதற்கு மேல் நடந்ததை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

செவலை வேலியோரம் வந்தது. காதைத் திருப்பியது. கொஞ்சநேரம் நின்றது. மூக்கைக் கம்பியில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு தலையைக் குனிந்து, சாயம் பூசிய கொம்பைக் கம்பிக்கு அடியில் கொடுத்துத் தூக்கியது. ஒரு மூங்கில் சாய்ந்தது. அடுத்ததும் சாய்ந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதற்கும் நடுவே முப்பது அடிதான் இருக்கும். எழுந்து போகக்கூட வேண்டியதில்லை, உட்கார்ந்தபடியே ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும். என் குரலுக்குச் செவலை திரும்பாமல் இருந்ததே இல்லை. எழுந்திரு என்று மனசு சொன்னது. பிறகு அதே மனசு, போகட்டும் என்றது. அவ்வளவுதான், அந்த ஒரு சொல். கையெழுத்துப் போட்ட காகிதம் ஞாபகம் இருந்தது. அவருடைய முட்டி ஞாபகம் இருந்தது. எல்லாம் ஞாபகம் இருந்துதான் நான் பேசாமல் இருந்தேன். செவலைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரப்பைத் தாண்டின. கடைசிக் கன்றும் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து என் தோளைத் தொட்டபோது திடுக்கிட்டு எழுவதுபோல எழுந்தேன்.

"அசந்துட்டியா புள்ள?" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இருவரும் ஓடினோம். அவர் நொண்டிக்கொண்டே ஓடினார். தோட்டத்தில் ஒரு பாத்தி மிச்சமில்லை. மறுநாள் அறுப்பதற்கு இருந்த கீரை. மாலையும் பொட்டுமாக மாடுகள் தண்டுகளுக்கு நடுவே நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஊலே கையில் கம்போடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கம்பை ஓங்கவே இல்லை.

"ஊலே, ஏன் வெரட்டல? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே" என்று நான் அழுதேன். அழுகை உண்மைதான்.

"எப்பிடி அடிப்பேன் தமீ?" என்றார் பர்மியத்தில். "பூ போட்டிருக்கு, பொட்டு வெச்சிருக்கு. உங்க சாமி நாளுன்னு தெரியுது. சாமிக்கு விட்ட மாட்ட அடிச்சா எனக்குத்தானே அகுதோ?" பாவத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. "ஓய் ஓய்னு மெதுவா சொல்லிப் பாத்தேன். கேக்கல."

அவர் பாவத்துக்குப் பயந்து ஆறு வாரத்து உழைப்பை மாட்டுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு நிற்கிறார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மேலும் அந்த நல்ல மனுஷர், "நான் ஆபீசுக்குப் போகமாட்டேன். சாமி சாப்பிட்டதா நெனச்சுக்கறேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு நொடி, தப்பித்தோம் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். போகட்டும் என்று நினைத்தவளும் நான்தான், சந்தோஷப்பட்டவளும் நான்தான்.

ஆனால் என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. மாடுகளைக் கொட்டகையில் கட்டினார், முகம் கழுவினார், நல்ல சட்டை போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். வார்டு ஆபீசில் தலைவர் முன்னால் போய் நின்று, "மாடு மேஞ்சிடுச்சு. நான் சொன்ன வார்த்தை இருக்கு" என்றார். யாரும் புகார் கொடுக்கவில்லையே என்று தலைவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. காவலுக்கு யார் இருந்தது என்று கேட்டார்.

"என் சம்சாரம். அவ மேல ஒண்ணும் சொல்லாதீங்க. ராத்திரி பகல் பாக்காம ஒழச்ச ஒடம்பு. கண்ணசந்துட்டா. கரண்டு நிப்பாட்டினது நான். தப்பு என்னோடது."

நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயில் வார்த்தை இருந்தது. சொல்லவில்லை.

பதினைந்து நாளில் மாடுகள் போயின. ஊருக்கு வெளியே தன்லியின் என்கிற ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். லாரி வந்த காலையில் பத்து மாடும் பலகையில் ஏறிவிட்டன. செவலை மட்டும் ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. அவர் போய் அதன் கழுத்தில் கை போட்டு என்னமோ பேசினார். ஏறியது. லாரி திரும்பும்வரை அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிறகு இருவருமாக வேலியைப் பிரித்தோம். அவர் கம்பியைச் சுருட்டினார், நான் மூங்கிலைப் பிடுங்கினேன். பாதி தூரம் போனதும் என்னால் முடியவில்லை.

"ஏங்க, அன்னைக்கு நான்..."

"விடு புள்ள" என்றார், சுருட்டுவதை நிறுத்தாமலே. "பதினாறு வருசம் முழிச்சிருந்தவ. ஒரு நாளு கண்ணசந்ததுக்கு யாரு என்ன சொல்ல முடியும்? நான்தான் ஒன்ன தூங்க விடல. அத இப்பதான் யோசிக்கறேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, கத்துகிற வேகத்தில் உண்மையையும் சொல்லித் தொலைத்திருப்பேன். அந்தக் கனிவுக்கு முன்னால் அடுத்த மூங்கிலைப் பிடுங்கத்தான் என்னால் முடிந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் எனக்கு அவரே பாய் விரித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் செய்யாத காரியம். "படு" என்றார். படுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வெளியே போனார். ஒரு மாடுகூட இல்லாத கொட்டகையில் அவர் தரையை வழித்துக்கொண்டிருக்கிற சத்தம் பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.